மணி அடித்த பிறகு

விடிவதற்குள் எல்லாத் தறிகளுக்கும் எண்ணெய் போட்டாக வேண்டும். ஒடெட் முட்டி போட்டுத் தறிக்கு அடியில் கையை விட்டாள். குளிரில் இரும்பு விரலோடு ஒட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் நாக்கில் பஞ்சுத்தூசி படிந்தது. பிறகு எழுந்து, தரையைக் கூட்டும் பாவாடையையும் வெள்ளைத் துணித் தொப்பியையும் மாட்டிக்கொண்டு ஆயிரத்து எண்ணூற்று முப்பதுகளின் ஆலைப்பெண் ஆனாள்.

அமெரிக்காவில் மெரிமாக் ஆற்றங்கரையில் இருந்த அந்தப் பழைய ஆலை இப்போது அருங்காட்சியகம். நிஜத் தறியில் நிஜத் துணி நெய்ய வேண்டும்; தொப்பி தலையில் இருக்கும்வரை இந்த நூற்றாண்டைப் பற்றி மூச்சு விடக் கூடாது. மாலையில் நாடகம். கூலியைக் குறைத்த முதலாளியை எதிர்த்து அந்தப் பெண்கள் செய்த வேலைநிறுத்தம். ஒடெட் பெட்டிமேல் ஏறி முழங்குவாள், கூட்டம் கைதட்டும், மணி அடிக்கும், எல்லாரும் தலைகுனிந்து தறிக்குத் திரும்புவார்கள். அந்தக் காலத்திலும் அப்படித்தான் தோற்றார்களாம்.

நேற்று மாரிசாவின் தறியில் ஊடைநூலைச் சுமந்து ஓடும் நாடா தெறித்து அவள் கையைக் கிழித்துவிட்டது. அவள் அலறினாள். பார்வையாளர்கள் கைதட்டினார்கள்! "எவ்வளவு தத்ரூபமா நடிக்கிறாங்க பாரு," என்று ஒருவர் மகளைத் தூக்கிக் காட்டினார். மாரிசாவோ, "ஆம்புலன்ஸ் வேணாம்டி, அதுக்குக் கேக்கற பணத்தை என்னால கட்டி மாளாது. உன் கார்லயே கூட்டிட்டுப் போ," என்று ஒடெட்டிடம் முனகினாள்.

இயக்குநர் ஹாலோவெல் காபிக் கோப்பையோடு வந்தார். கோப்பையில் அந்த வேலைநிறுத்தப் பெண்களின் படம். வாசல் கடையில் விற்பது.

"நாடா தெறிக்காம இருக்கத் தறிக்கு வலை போடுங்கன்னு எத்தனை தடவ சார் கேட்டோம்?"

"அந்தக் காலத்துல வலை ஏது, ஒடெட்? ஜனங்க அசலைப் பாக்கத்தானே வர்றாங்க."

"மாரிசாவோட வைத்தியச் செலவு?"

"அவ நம்ம ஊழியரே இல்லையே. ஒப்பந்தக் கலைஞர். கையெழுத்துப் போட்டிருக்கா."

"போடலேன்னா நாளைக்கு வராதேன்னு சொல்லி, எங்க எல்லார்கிட்டயும் வாங்கினது யாரு?"

"தலையில தொப்பி இருக்கு, ஞாபகமிருக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

மெக்கானிக் ட்வைட் எண்ணெய்த் துணியை விசிறி எறிந்தான். "செத்துப்போனவளுக்குச் சிலை வைப்பான். உசிரோட இருக்கிறவளுக்கு ஒரு வலை வைக்க மாட்டான்!"

சாப்பாட்டு நேரத்தில் ரொட்டியைக் கடித்தபடி பெண்கள் முணுமுணுத்தார்கள்.

"வேலைய நிறுத்தினா வேற ஆளக் கொண்டாந்துடுவான்," என்றாள் பெர்னிஸ். "எனக்கு வீட்டு வாடகை இருக்குடி."

"எனக்கு மட்டும் அரண்மனையா இருக்கு?" என்றாள் ஒடெட். "நாடகத்துல தினம் நிறுத்தறோம், தினம் திரும்பறோம். இன்னிக்கு ஒரு நாள் திரும்பாம இருந்துதான் பாப்போமே. அடுத்தது உன் கையா என் கையான்னு யாருக்குத் தெரியும்?"

பெர்னிஸும் மற்றவர்களும் ரொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ச்சே, இவர்களை நம்பியா என்று ஒடெட்டுக்கு அலுத்துவிட்டது.

மாலை நாடகம் முடிந்து மணி அடித்தது. ஒடெட் பெட்டியைவிட்டு இறங்கவில்லை. பெர்னிஸ் வழக்கம்போலத் தன் தறியை நோக்கி நடந்தாள். அவ்வளவுதான், போச்சு என்று ஒடெட் நினைத்தாள். பெர்னிஸ் தொப்பியைக் கழற்றித் தறிமேல் மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அடுத்தவளும் கழற்றினாள். பிறகு எல்லாரும்.

கூட்டம் ஆரவாரமாகக் கைதட்டியது.

"தட்டாதீங்க!" ஒடெட் தன் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள். "நேத்தும் தட்டினீங்க. அது நிஜ ரத்தம். அவ பேரு மாரிசா. இப்ப வீட்ல கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

கைகள் அப்படியே நின்றன. ட்வைட் மோட்டாரை அணைத்தான். காலடியில் அதிர்ந்துகொண்டிருந்த பலகைத்தரை அடங்கியது.

ஹாலோவெல் தானே ஓடிப்போய் மணிக்கயிற்றைப் பிடித்து இழுத்தார். "மணி அடிக்குது, காதுல விழலையா?"

"விழுது சார்," என்றாள் பெர்னிஸ்.

யாரும் அசையவில்லை.