எந்தக் கட்சிக் கித்தார்

தங்கச்சி பிரசவத்துக்காக நன்னிலம் போயிருந்த சகாயம்மாள் நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தபோது, வீட்டில் தையல் மிஷின் நின்ற இடத்தில் ஒரு கித்தார் சாய்ந்து கிடந்தது. கழுத்து கோணி, கம்பி அறுந்து, சிவப்புப் பெயிண்ட் சொறி பிடித்த மாதிரி உரிந்து போன எலக்ட்ரிக் கித்தார். அவள் புருஷன் அந்தோணிமுத்து, கீழ்வேளூர்க் கடைத்தெருவில் ரேடியோ ரிப்பேர் பார்க்கிறவன், பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"மிஷின் எங்கங்க?"

"மாத்திக்கிட்டேன். திருவாரூர்ல ஒருத்தரு மெல்லிசைக் குழுவக் கலைச்சுட்டாரு. அவரு சம்சாரத்துக்குத் தையல் மிஷின் வேணுமாம். இத ரிப்பேர் பாத்து வித்தா ரெண்டு மிஷின் வாங்கலாம் சகாயம். பத்தே நாளு."

அது அவள் அப்பா கல்யாணத்துக்குச் சீராகக் கொடுத்த மிஷின். பொங்கலுக்குத் தைக்க வேண்டிய ரவிக்கைத் துணியெல்லாம் வெட்டி வைத்தபடி கிடந்தது. சகாயம்மாள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவனுக்குப் புரிந்து தொலைத்திருக்கும். துணிகளை மூட்டையாகக் கட்டினாள். "மிஷின் வந்தப்பறம் சொல்லி அனுப்புங்க, வர்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் நன்னிலத்துக்கே போய்விட்டாள்.

சரி, மிஷின் வந்தால் பெண்டாட்டியும் வந்துவிடுவாள் என்று அந்தோணிமுத்து எடுத்துக்கொண்டான். ரேடியோவைத் திறக்காமலே எந்த வால்வு போயிருக்கிறது என்று சொல்லுகிற மனுஷன் அவன். என்னத்தைச் சொல்ல!

வேலையில் அவனைக் குற்றம் சொல்ல முடியாது. கம்பிகளுக்கு அடியில் இருந்த காந்தச் சுருள் அறுந்திருந்தது. பழைய டிரான்ஸ்பார்மர் ஒன்றைப் பிரித்து, தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை எடுத்து, மூன்று நாள் கண் எரிய எரியக் கையால் சுற்றினான். கழுத்துக்குள் ஓடிய இரும்புக் கம்பியை முடுக்கிக் கோணலை நிமிர்த்தினான். சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகுகள் காணாமல் போயிருந்தன. செத்துப்போன ரேடியோவிலிருந்து இரண்டைக் கழற்றி மாட்டினான். திருச்சியிலிருந்து ஆறு கம்பி வரவழைத்துக் கட்டி, கல்யாண வீட்டு மைக் செட்டில் சொருகி ஒரு தட்டுத் தட்டினான். பக்கத்து சைக்கிள் கடை மீரா உசேன் கையில் பங்க்சர் டியூபோடு ஓடி வந்தார்.

"யா அல்லா, லாரிதான் உள்ள பூந்துருச்சோன்னு நெனச்சேன் அந்தோணி!"

பெயிண்ட் மட்டும் பாக்கி. முன்னால் என்ன நிறமோ அதுதானே முறை? மீரா உசேன் கடையில் வாங்கி, பளபளவென்று சிவப்பே இரண்டு தடவை அடித்தான்.

முதலில் வந்தவன் நடராசன். பக்கத்து ஊர் மிராசுதாரின் மகன், திருச்சியில் காலேஜ் படிப்பவன். வாசித்துப் பார்த்ததும் பையனுக்கு முகமெல்லாம் வெளிச்சம். "அப்பா கார்ல இருக்காங்க, காட்டிட்டு வந்துடுறேன்" என்று தூக்கிக்கொண்டு போனான். அந்தத் தை மாதத்தில் கூலி கூட்டிக் கேட்டு அவர் வயலில் ஒரு ஆள் இறங்கவில்லை. முற்றின கதிர் தலை சாய்ந்து நின்றது. வரப்பெல்லாம் சிவப்புக் கொடி. காருக்குள்ளிருந்து அவர் போட்ட சத்தம் கடை வரைக்கும் கேட்டது.

"வயல்ல நட்டது பத்தாதுன்னு வீட்டுக்குள்ளயும் கொண்டாந்து நடப் போறியாடா?"

"கித்தாரு என்னாங்க பண்ணுச்சு?" என்று அந்தோணிமுத்து கேட்டுக்கொண்டு நிற்கும்போதே கார் போய்விட்டது.

சிவப்பை மறைப்போம் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் கறுப்பை எடுத்தான். மேல்பாதி முடிவதற்குள் டப்பா காலி. மாதா கோயிலில் பூசைக்கு மணியும் அடித்துவிட்டார்கள். மீதியை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கடை வாசலில் காயத் தொங்கவிட்டுப் போய்விட்டான். மேலே கறுப்பு, கீழே சிவப்பு. அதைத் தமிழ்நாட்டில் நடுத்தெருவில் தொங்கவிட்டால் என்ன அர்த்தம் என்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவனுக்கும் தெரியும். ஆனால் பிரஷ்ஷும் கையுமாக இருக்கும்போது கித்தார்தான் கண்ணில் பட்டது, கொடி படவில்லை.

பூசை முடிந்து வந்தால், ஆளுங்கட்சிக் கிளைச் செயலாளர் அரசப்பன் கையில் துண்டோடு காத்திருந்தார்.

"அண்ணே, நம்ம ஆளுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? வர்ற பொதுக்கூட்டத்துல நீங்கதான் வாசிக்கிறீங்க!" என்று கழுத்தில் துண்டைப் போட்டுவிட்டார்.

"இல்லிங்க, இது விக்கிறதுக்கு..."

"போங்கண்ணே! கொடிய யாராச்சும் விப்பாங்களா?"

அவர் போனதும் அந்தோணிமுத்து கித்தாரைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடினான். மீரா உசேன் யோசித்துச் சொன்னார்: "நடுவுல பட்டையா ஒரு வெள்ளக் கோடு போட்டுடு. கொடி மாதிரியே தெரியாது." இரண்டு புத்திசாலிகளும் சேர்ந்து போட்டார்கள். கட்சி உடைந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான் ஆகியிருந்தது. கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளை வைத்த புதுக்கட்சியின் கொடி இருவர் மண்டையிலும் இன்னும் ஏறவில்லை. மறுநாள் விடிந்ததும் அரசப்பனின் மச்சான் மாலையோடு வந்து நின்றார். கட்சி உடைந்த அன்றிலிருந்து மச்சானும் மச்சானும் முகம் பார்ப்பதில்லை. மத்தியானம் அரசப்பன் வந்து, "ஒரே ராத்திரியில மாறிட்டீங்களேண்ணே" என்று கண் கலங்கிவிட்டுப் போனார்.

வேறு என்ன நிறம் அடிக்கலாம் என்று அந்தோணிமுத்து கணக்குப் போட்டான். பச்சை அடித்தால் மீரா உசேனின் கட்சி. நீலத்துக்கும் ஆள் இருக்கிறது. காவிக்கும் இருக்கிறது. டீக்கடையில் கேட்டான், தபால்காரரைக் கேட்டான், வட்டார அலுவலகத்துப் பியூனைக்கூட நிறுத்திக் கேட்டான். ஆளுக்கொரு கலர் சொன்னார்கள், ஒவ்வொன்றும் ஒரு வம்பு. இப்படியே போனால் கித்தார் எப்போது விற்பது, மிஷின் எப்போது வருவது, சகாயம் எப்போது வருவாள்? கடைசியில் உப்புத்தாளை எடுத்து உட்கார்ந்து, எல்லாப் பெயிண்டையும் வெறும் மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்துத் தள்ளிவிட்டான்.

நாலைந்து நாள் கழித்து மெருகு போட்டுக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தால், பஸ்ஸிலிருந்து சகாயம்மாள் ஓடி வருகிறாள். கடைக்குள் வந்து அவன் தலை, தோள், கையெல்லாம் தொட்டுப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கீங்களா? மூணு கட்சியில சேந்துட்டீங்களாம், உங்கள அடிச்சுப் போட்டுட்டாங்கன்னு நன்னிலத்துல பேசிக்கிறாங்க."

"நான் எங்க சேந்தேன்? கித்தாருதான் சேந்துச்சு."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதாள். அவன் பக்கத்தில் குந்திக்கொண்டு, "அழாத சகாயம், இத வித்து மிஷின வாங்கிடுவேன்" என்றான். அவ்வளவுதான், அவளுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

"மிஷின் மிஷின்னு! போறவன் வர்றவன்கிட்டல்லாம் என்ன கலரு அடிக்கலாம்னு கேட்டீங்களாம். பஸ்ஸுல சிரிக்கிறாங்க. என் மிஷினக் குடுக்கலாமான்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"நீதான் ஊர்ல இல்லியே..."

"நன்னிலம் என்ன சிலோன்லயா இருக்கு?"

"மிஷின் வந்தா வர்றேன்னு நீதான சொன்ன?"

"ஆத்திரத்துல சொன்னேன். அதயே புடிச்சிக்கிட்டுத் தொங்குனீங்க."

அவன் இத்தனை நாளும் எந்த வயர் அறுந்திருக்கிறது என்றே பார்க்காமல் வேறெதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தோமா என்று குழம்பினான்.

அந்த நேரம் பார்த்து நடராசன் சைக்கிளில் வந்து இறங்கினான். கூலி பேசி முடிந்து அறுப்பும் ஆகிவிட்டதாம். வெறும் மரத்தில் மின்னிய கித்தாரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "பிரமாதங்க! அப்பாவும் சரின்னுட்டாங்க. நீங்க சொல்ற வெலைக்கு எடுத்துக்கிறேன்."

'எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி' என்று சொல்ல அந்தோணிமுத்து வாயைத் திறந்தான். திறந்த வாயை மூடினான். சகாயம்மாள் பக்கம் திரும்பினான்.

"குடுக்கட்டுமா சகாயம்?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கித்தாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மரத்தை ஒருமுறை தடவினாள்.

"நல்லாத்தான் செஞ்சிருக்கீங்க" என்றாள். "குடுங்க. தவக்காலத்துக்கு முந்தி மிஷின் வந்து நிக்கணும்."

நடராசன் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு போனான். கடைக்குள் இரண்டு பேர்தான் மிச்சம். நன்னிலம் பஸ் வருகிற நேரம். அவள் எழுந்து சேலையை உதறினாள். வீட்டுப் பக்கம் நடக்கப் போகிறாளா, பஸ் நிற்கிற பக்கமா என்று அந்தோணிமுத்துவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மனசுக்குள்ளேயே ஒரு முடிவு கட்டிக்கொள்ளத்தான் பார்த்தான்; முடியவில்லை. கேட்டே விட்டான்.

"சகாயம், நீ இருக்கியா, போறியா?"

"இன்னைக்கி இருக்கேன்" என்றாள் அவள். "நாளைக்கும் கேளுங்க."