ரெண்டாவது டேட்டாபேஸ்

போன்ல சின்னுசாமி சத்தம் போடல. அதுதான் நசீபாவுக்குத் தாங்கல. "ஏங்கண்ணு, எங்கூட்டுல பதினோரு மூட்டை மொளகு கெடக்குதுன்னு அடிவாரத்துக் காரவள்ளி யாவாரி புட்டுப்புட்டு வெக்கிறான். நா உங்கிட்ட மட்டுந்தான சொன்னேன்?" அவ்வளவுதான், வெச்சுட்டாரு.

மலைமேல பைல் நாட்டுல மொளகுக் கணக்கெடுக்க ஊடு ஊடா ஏறி எறங்குனவ அவதான். மலையில மொளகு சங்கத்துக்கு வெப்சைட் பண்ற வேலை. ஒரே ப்ராஜெக்ட்டுக்குள்ள ரெண்டு டேட்டாபேஸ் வெச்சிருந்தா. ஒண்ணுல விக்கறதுக்குன்னு சங்கத்துக்குக் கொண்டாந்த மொளகு, அத எந்த யாவாரியும் பாக்கலாம். இன்னொண்ணுல அவங்கவங்க ஊட்டுல வெலை ஏறட்டும்னு பூட்டி வெச்சிருக்கிறது. அத சங்கம் மட்டுந்தான் பாக்கலாம், எவ்ளோ பெரிய குடோன் கட்டணும்னு கணக்குப் போடறதுக்கு. ஊட்டு இருப்பு தெரிஞ்சா எந்த யாவாரி வெலை ஏத்துவான்? மழை வந்தா சரக்கு நமுத்துரும்னு தன்னால கொண்டாந்து எறக்கிருவாங்கன்னு காலை நீட்டிப் படுத்துக்குவான். அதுக்குத்தான் தனித்தனி பாஸ்வேர்டு போட்டுப் பிரிச்சு வெச்சா. 'கீழ ஒருத்தருக்கும் போகாதுங்க'ன்னு ஒவ்வொரு வாசல்லயும் அவ வாயாலதான் சொன்னா.

ராசிபுரம் ஆபீஸ்ல கூட வேலை பாக்குற கார்த்தி மானிட்டர்லருந்து மூஞ்சியக்கூட திருப்பல. "செட்டிங்ஸ்ல நாலு வரிதான் சேத்தேன், நசீபா. யாவாரிங்க பேஜ்லயும் ரெண்டாவது டேட்டாபேஸக் காட்டுன்னு சங்கத்து செக்ரட்டரி கேட்டாரு. படிக்க மட்டுந்தான் விட்டிருக்கேன், எதையும் மாத்த முடியாது."

"அவனுங்களுக்குப் படிச்சாப் போதாதாடா? அதுக்கு மேல என்ன வேணும்?"

செக்ரட்டரி அர்த்தனாரிக்குப் போன் போட்டா, அவரு சிரிக்கிறாரு. "சரக்கு தெரிஞ்சாத்தானம்மா யாவாரி மலையேறுவான். நானும் மலைக்காரன்தான். எனக்கு இல்லாத அக்கற உனக்கா?"

"உங்கூட்டு மூட்டை அந்த லிஸ்ட்ல இருக்குதுங்களா?"

சிரிப்பு நின்னுபோச்சு. இருக்காதுன்னு அவளுக்குத் தெரியும். கணக்கெடுக்கப் போன அன்னைக்கு, அப்பறம் பாக்கலாம்னு அவள வாசலோட அனுப்புன ஒரே ஆளு அவருதான்.

அந்த நாலு வரியையும் அழிச்சா. பாஸ்வேர்ட மாத்துனா. வேலை போயிரும்னு கார்த்தி சொன்னான். போகட்டும்னுட்டா. மறுநாள் மொத பஸ்ஸப் புடிச்சு, வளைவுக்கு வளைவு பல்லக் கடிச்சுக்கிட்டே மலையேறுனா.

சின்னுசாமி வாசல்ல மூட்டைங்க வெளிய வந்துக்கிட்டிருந்துச்சு. நாலஞ்சு பேரு ஆளுக்கொண்ணா தூக்கிக்கிட்டு மரவள்ளிக் காட்டுக்குள்ள பூந்து ஆளுக்கொரு பக்கம் போறாங்க. ஊட்டுக்கு ஊடு சரக்கு எடம் மாறுது. அவ எழுதி வெச்சது ஒண்ணுகூட இனி நெசமில்ல.

"அந்தப் பக்கத்த மூடிட்டேனுங்க. இனி யாரும் பாக்க முடியாதுங்க."

"பாத்தவன் பாத்துட்டானுங்களே," அப்படின்னாரு சின்னுசாமி. நிமிரல, சாக்கு வாயத் தெச்சுக்கிட்டிருந்தாரு.

அவரு சம்சாரம் அத்தாயி கடைசி மூட்டைக்கிட்ட நின்னு, தூக்கிவுட யாரு இருக்கான்னு சுத்திப் பாத்துச்சு. எல்லாரும் போயாச்சு. நசீபா கைப்பைய மண்ணுல போட்டுட்டு மூட்டையோட அந்தப் பக்கத்துக் காதப் புடிச்சா. ரெண்டு பேருமா ஏத்துனாங்க. அத்தாயி தலையில சும்மாட்ட சரிபண்ணிக்கிச்சு, ஆனா நகரல. அவளயே பாத்துக்கிட்டு நின்னுச்சு.

நசீபாவுக்குப் புரிஞ்சுது. ரோட்டப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டா. மூட்டை எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியாத மாதிரி, கொலுசுச் சத்தம் தேயற வரைக்கும், தூரத்துல ஒரு லாரி வளைவு திரும்பறதையே பாத்துக்கிட்டிருந்தா.