இருட்டும் ஆடக்கூடாது

லிஃப்ட்காரர் எடுத்த இரவுப் படங்களில் உலகம் ஓர் இடத்தில் நின்றதாகச் சரித்திரமே கிடையாது. நிலாவை எடுத்தால் கரண்டியிலிருந்து வழுக்கிய முட்டைக்கரு மாதிரி வரும். ஆற்றுப் பாலத்தை எடுத்தால் மூன்று பாலங்கள் வரும்; மூன்றும் தள்ளாடிக்கொண்டு வீடு திரும்புகிற தோரணையில் இருக்கும்.

ஊரிலுள்ள பாதி லிஃப்டுகளைப் பழுதுபார்த்து ஓய்வு பெற்ற மனிதர். கையில் நடுக்கம் கிடையாது. ஆறாம் மாடியில் வீடு, அதற்கு மேல் மொட்டைமாடி, எதிரே பாலம். கேமராவின் கண்ணை நாலு நிமிஷம் திறந்தே வைத்தால் பாலத்து விளக்குகள் தண்ணீரில் பட்டுத்துணி விரித்தாற்போல் விழும் என்று போட்டோ கிளப்பில் சொல்லியிருந்தார்கள். அவருக்கு விழுந்ததோ கந்தல்.

கிளப் தலைவர் வேறு யாருமில்லை, மனைவியின் அண்ணன். பல் டாக்டர். வாழ்நாள் முழுக்க, வாயைப் பிளந்துகொண்டு பதில் சொல்ல முடியாமல் படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியதால், தான் சொன்னதை உலகமே ஒப்புக்கொள்கிறது என்று நம்புகிறவர். ஆடிய படம் செல்லாது, எடுத்த படத்தை எடுத்தபடியே கொடுக்க வேண்டும், ஓரம்கூட வெட்டக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம்.

“மாப்பிள்ளை, பூகம்பத்தை இவ்வளவு தத்ரூபமா யாரும் எடுத்ததில்லை” என்று மூன்று வருஷமாகக் கிளப் கண்காட்சியிலிருந்து திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்த வருஷம் வீட்டிலும் தீர்ப்பு வந்துவிட்டது. “இதுவும் ஆடிச்சுன்னா அந்த டிரைபாட் எனக்கு. மூணு காலுக்கும் குறுக்கே கம்பு கட்டித் துணி காயப்போடுவேன்” என்றாள் மனைவி.

லிஃப்ட்காரர் என்னதான் செய்யவில்லை? டிரைபாடின் நடுவில் மாவு மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டார். விரல் பட்டால் ஆடுமென்று டைமர் வைத்தார். தன் மூச்சுக்காற்றின் மேலேயே சந்தேகம் வந்து நாலு நிமிஷமும் மூச்சை அடக்கிப் பார்த்ததில், வானத்தில் இல்லாத நட்சத்திரங்களையெல்லாம் பார்த்துவிட்டுக் கீழே விழுந்தார். அப்புறம் காக்கைகளைக் குற்றம்சாட்டினார். கீழ்வீட்டு மிக்ஸியோடு சண்டைக்குப் போனார்.

படம் கொடுக்க வேண்டிய கடைசி நாள் வந்தது. பொழுது சாய்ந்ததும் மொட்டைமாடியில் கேமராவை டிரைபாடில் ஏற்றி, மாவு மூட்டையையும் தொங்கவிட்டு, பக்கத்துச் சுவரில் தண்ணீர் டம்ளரை வைத்தார். தண்ணீர் சிலிர்த்தது. சற்று அடங்கியது. மறுபடி சிலிர்த்தது. சிலிர்க்கும்போதெல்லாம் பின்னாலிருந்த மோட்டார் அறை ‘ம்ம்ம்’ என்றது.

அவருடைய லிஃப்ட்! அவரே எண்ணெய் விட்டு வளர்த்த லிஃப்ட்! ‘தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகலாம், விழிக்காது’ என்று குடியிருப்பவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்ட லிஃப்ட்! பெற்ற பிள்ளையைப் பற்றிப் போலீஸ்காரர் வந்து சொன்னால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அவமானத்தை விழுங்கிக்கொண்டு, மோட்டார் அறைக்குள் போய் சுவிட்சை இறக்கினார். தண்ணீர் கண்ணாடியாக நின்றது. டைமரைத் தட்டினார். கேமரா கண் திறந்தது.

உடனே கீழே யாரோ இரும்புக் கதவை உலுக்கினார்கள்.

லிஃப்ட்காரர் படியிறங்கி ஓடினார். ஆறாம் மாடிக்குக் கழுத்தளவு கீழேயே லிஃப்ட் நின்றிருந்தது. மடக்குக் கதவின் கம்பிகளுக்குள், தரையோடு தரையாக, பல் டாக்டரின் தலை மட்டும் தெரிந்தது. படம் உருப்படவில்லை என்பதை நேரில் பார்த்துச் சிரிக்க வந்திருந்தார். மனைவி டார்ச்சோடு வாசலில் நின்றாள்.

“மாப்பிள்ளை! கரண்டைப் போடுய்யா!”

“மச்சான், கேமரா திறந்திருக்கு. நாலு நிமிஷம் ஆடாம நில்லுங்க.”

“நான் என்ன தண்ணித் தொட்டியா, ஆடாம நிக்க? கதவை உடைச்சிருவேன்!”

“அண்ணே, பல்லு புடுங்கும்போது எல்லாரையும் அசையாதேன்னுதானே சொல்லுவே?” என்றாள் மனைவி.

டாக்டர் கதவிலிருந்து கையை எடுத்தார். ஆனால் அந்தத் தலைக்குள்ளிருந்த கிளப் தலைவர் சும்மா இருப்பாரா? “டிரைபாட் நடுக்கம்பியை மேலே ஏத்தியிருக்கியா?”

“ஏத்தியிருக்கேன்.”

“நாசமாப் போச்சு! ஏத்தினா ஆடுமே! சரி, இப்போ தொடாதே. யாரும் நடக்காதீங்க. ஏம்மா, நீ மூச்சு விடுறதைக் குறை!” என்று அதட்டிவிட்டு, தானும் சிலையானார். மூக்கின் மேல் கொசு உட்கார்ந்து, சாப்பிட்டு, ஓய்வெடுத்துப் போகும்வரை இமைக்கவில்லை.

நேரமாயிற்று. லிஃப்ட்காரர் மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். “கண்ணை மூடிடுச்சு மச்சான். ஆனா ‘பொறுங்கள்’னு சிவப்பு விளக்கு மினுக்குது.”

“அது ஒண்ணுமில்லை. படத்துல விழுற புள்ளிகளைக் கழிக்கறதுக்காக, கண்ணை மூடிக்கிட்டே தனியா இருட்டைப் படம் எடுக்குது. இன்னொரு நாலு நிமிஷம் ஆகும். இப்ப ஆடலாம்.”

“வேண்டாம் மச்சான். இருட்டும் ஆடக்கூடாது.”

“மூடின கண்ணுக்கு என்னய்யா ஆட்டம்!”

“மூணு வருஷமா ஆடியாச்சு. நில்லுங்க.”

அடுத்த நாலு நிமிஷமும் டாக்டர் லிஃப்ட்காரரின் பரம்பரையையே திட்டினார். ஆனால் உதடு மட்டும்தான் அசைந்தது.

விளக்கு அணைந்ததும் லிஃப்ட்காரர் கேமராவைக் கொண்டுவந்து, தரையில் குப்புறப் படுத்து, கம்பிக்கு வெளியே பிடித்தார். டாக்டர் பாலத்தைப் பெரிதாக்கச் சொன்னார். பாலத்துத் தூணைப் பெரிதாக்கச் சொன்னார். தூணில் தூங்கிய புறாவைப் பெரிதாக்கச் சொன்னார். புறாவின் அலகு ஊசிமுனையாக இருந்தது. தண்ணீரில் பட்டு விரிந்திருந்தது.

“என்ன மச்சான்?”

“ம்.”

“ம்-முக்கு சுவிட்ச் ஏறாது மச்சான்.”

“ஆடலைய்யா!” என்றார் டாக்டர், தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டவர் போல. டிரைபாடில் துணி காயப்போடும் நினைப்பை மனைவி கைவிட்டாள். டாக்டர் மறுபடி பார்த்தார். முகம் மலர்ந்தது. “ஆனா சாஞ்சிருக்கு! ஆறு பூரா இடது பக்கம் வழியுது! நீ கட்டுற மாவு மூட்டை ஒரு காலை இழுத்துடுச்சு!”

“சட்டத்துல ஆட்டத்தைப் பத்திதான் இருக்கு, சாய்வைப் பத்தி இல்லையே?” என்றாள் மனைவி.

டாக்டர் யோசித்தார். யோசிக்க வேறு இடமும் இல்லை. “சரி, மாட்டித் தொலைக்கிறேன்” என்றார். சுவிட்ச் ஏறியது.

கண்காட்சியில் அந்தப் படத்தை மரச்சட்டத்தோடு வலப்பக்கம் சாய்த்து மாட்டினார்கள். அப்போதுதான் ஆறு நேராக ஓடியது. வருகிற ஒவ்வொருவரும், “அடடா, கோணலா இருக்கே” என்று பாசத்தோடு நிமிர்த்திவிட்டுப் போனார்கள். லிஃப்ட்காரர் படத்துக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கண்காட்சி முடியும்வரை அதைத் திரும்பத் திரும்பச் சாய்த்துக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடப் போன நேரங்களில், யாரும் கேட்காமலே, பல் டாக்டர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தார்.