எந்தக் கணக்கிலும் வராத தொமாசா

கான்சாஸ் மாநிலத்தில், மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கும் ஹார்லன் என்ற ஊரின் அரசுத் தொடக்கப் பள்ளியில், மார்லிஸ் டீகன் பதினெட்டு வருடங்களாக மூன்றாம் வகுப்பு எடுத்துவந்தாள். பள்ளியில் மொத்தம் பிள்ளைகள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்கள் வீடுகளில் பேசும் மொழிகள் ஒன்பது. முக்கால்வாசிப் பேருக்கு ஆங்கிலம் பள்ளிக்கூடத்தில் மட்டும் கேட்கிற மொழி. இணையத்தில் யாரோ அந்தப் பள்ளிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு, வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைப் பதினைந்து மைல் தள்ளியிருந்த வேறு பள்ளிக்குக் காரில் கொண்டுபோய் விட்டார்கள்.

அந்த வருடம் செப்டம்பரில் தொமாசா வந்து சேர்ந்தாள். குவாத்தமாலா மலைப்பக்கத்துக் குடும்பம். வீட்டில் கிச்சே என்ற மாயா மொழி பேசுவார்கள், ஸ்பானிஷ்கூட அரைகுறைதான். அப்பாவும் அம்மாவும் ஆலையில் வேலை. எட்டு வயதுப் பெண், டிசம்பர்வரை வாயே திறக்கவில்லை. புத்தகத்தை விரித்து வைத்தால் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஆசிரியை பக்கத்தில் வந்தால் முகத்தைக் கைகளால் மூடிக்கொள்வாள்.

ஜனவரியில் ஒருநாள், மற்ற பிள்ளைகள் விளையாடப் போயிருந்தார்கள். மார்லிஸ் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது. திரும்பினாள். தொமாசா இவளுக்கு முதுகைக் காட்டி, ஜன்னலைப் பார்த்து நின்றுகொண்டு, ஒரு கழுதையைப் பற்றிய கதையை எழுத்தெழுத்தாக வாசித்துக்கொண்டிருந்தாள். மார்லிஸ் மூச்சுவிடாமல் நின்றாள். யாருடைய முகமும் எதிரில் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணுக்கு வாசிக்க வருகிறது என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு தினமும் இருபது நிமிடம் அவள் ஜன்னலைப் பார்த்து வாசித்தாள். மார்லிஸ் அவள் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து திருத்தினாள்.

"மிஸ், கழுதைக்கு ஏன் கோபம்?" என்று ஒருநாள் திரும்பாமலே கேட்டாள்.

"நீயே படிச்சுப் பாரேன். எனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியும் மிஸ். பொய் சொல்றீங்க." தோள் குலுங்கச் சிரித்தாள்.

மார்ச் மாதத்தில் முழுப் பக்கத்தைத் தட்டுத்தடங்கல் இல்லாமல் வாசித்தாள். தலைமையாசிரியர் டுவைட் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "மார்லிஸ், இனிமே அந்த ஜன்னலுக்கும் சம்பளம் போடணும் போலிருக்கே" என்றார்.

மாநிலத் தேர்வுக்குப் பதினோரு நாள் இருந்தபோது தொமாசாவின் நாற்காலி காலியானது. அடுத்த நாளும் காலி. வீட்டு எண்ணுக்குப் போன் செய்தால் இணைப்பில் இல்லை என்றது. ஆலையில் வேலை நேரத்தைக் குறைத்துவிட்டார்களாம். அப்பாவுக்கு அயோவா மாநிலத்தில் வேலை கிடைத்து, சனிக்கிழமையே கிளம்பிவிட்டார்களாம். கழுதைக் கதையில் இன்னும் நான்கு பக்கம் பாக்கி.

ஒரு வாரம் கழித்து அயோவாப் பள்ளி ஒன்று அவளுடைய பதிவேடுகளைக் கேட்டுக் கடிதம் அனுப்பியது. மார்லிஸ் அதிலிருந்த எண்ணைப் பார்த்து உடனே போன் செய்தாள். கெண்ட்ரா என்ற இளம் ஆசிரியை பேசினாள்.

"அந்தப் பொண்ணா? வாயே திறக்கலைங்க. எழுத்துகூடத் தெரியாது போலிருக்கு. முதல் வகுப்புப் பிள்ளைங்களோட உட்கார வச்சிருக்கோம்."

"ஐயோ, வேண்டாம்மா! அவ வாசிப்பா. நல்லாவே வாசிப்பா. அவளை ஜன்னலைப் பார்த்து நிக்க வச்சு, நீ பின்னால உட்காரு. அவ முகத்தைப் பார்க்காதே. அவ்வளவுதான்."

"சரி, செஞ்சு பார்க்கிறேன்" என்றாள் கெண்ட்ரா, நம்பிக்கை இல்லாமல்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, பள்ளி முடிந்து மார்லிஸ் கார் கதவைத் திறக்கும்போது போன் அடித்தது. "பேசாதீங்க, கேளுங்க மட்டும்" என்று கெண்ட்ரா கிசுகிசுத்தாள். போனை எங்கோ மேசைமேல் வைக்கிற சத்தம். பிறகு அந்தக் குரல். பாடப்புத்தகத்தில் மழையைப் பற்றி ஏதோ பாடம். நீளமான ஒரு சொல்லில் தடுக்கி, திரும்பவும் தொடங்கி, சரியாகச் சொல்லிக் கடந்துபோனது.

கூப்பிட வேண்டும்போல் இருந்தது மார்லிஸுக்கு. பெயரை ஒருதரம் சொன்னால் போதும், அவள் ஓடி வந்து போனை எடுப்பாள். ஆனால் வாசிப்பு நின்றுவிடும். புது ஆசிரியைக்கு முன்னால் மறுபடி முகத்தை மூடிக்கொண்டாலும் மூடிக்கொள்வாள். மார்லிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பேருந்துகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. பாடம் முடிந்ததும் கெண்ட்ரா போனை வைத்துவிட்டாள்.

அடுத்த திங்கட்கிழமை தொமாசாவை மூன்றாம் வகுப்புக்கு மாற்றினார்கள். அங்கே தேர்வும் எழுதினாள், நன்றாகவே எழுதினாளாம்.

அக்டோபரில் மாநிலத் தேர்வு முடிவுகளோடு ஹார்லன் பள்ளியின் அறிக்கை வந்தது. வாசிப்பில் தேறியவர்கள் நூற்றுக்கு இருபத்தொன்பது பேர். சென்ற வருடத்தைவிட இரண்டு குறைவு.

"தொமாசா இதுல இல்லையே" என்றாள் மார்லிஸ்.

"வருஷம் முழுக்க ஒரே இடத்துல படிச்சாதான் கணக்கு. நம்ம கணக்குலயும் இல்லை, அவங்க கணக்குலயும் இல்லை" என்றார் டுவைட். தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நமக்குத் தெரியும்ல, மார்லிஸ்?" என்றார்.

அன்று மாலை அவள் கெண்ட்ராவுக்குப் போன் செய்தாள். கழுதைக் கதைப் புத்தகத்தை அனுப்ப விலாசம் கேட்கத்தான் கூப்பிட்டாள்.

"நீங்க கேள்விப்படலையா? கோடையிலயே போயிட்டாங்க. எந்த ஊருன்னு யாருக்கும் தெரியலை. இன்னும் எந்தப் பள்ளியும் பதிவேடு கேட்டு எழுதலை. எழுதினா மொதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன்."

"கேட்டு எழுதுவாங்க" என்றாள் மார்லிஸ். "அவ எங்கயாவது பள்ளிக்கூடத்துல இருப்பா."

எங்கோ ஓர் ஊரில், அவளைப் பற்றி ஒன்றும் தெரியாத ஓர் ஆசிரியை, தொமாசாவை எங்கே உட்கார வைத்திருப்பாள் என்ற நினைப்பு மார்லிஸை விடவில்லை. நவம்பர் முடிந்தது. கெண்ட்ராவிடமிருந்து போன் வரவில்லை.