ட்ரெய்லரில் ஒரு காலி இடம்

எல்லைச் சோதனைச் சாவடிக்கு இருபது கிலோமீட்டர் இருக்கும்போது டாரில் ஆறாவது ஆரஞ்சை உரித்தான். பூச்சியும் நோயும் பரவாமலிருக்க, பழம், காய், தேன், மண் ஒட்டிய சாமான் எதுவும் மேற்கு மாநிலத்துக்குள் போகக் கூடாது. கையில் இருப்பதை எல்லைக்கு முன்னால் தின்று தீர்ப்பது அந்தச் சாலையில் போகிற எல்லாரும் செய்வதுதான். இரண்டு மூன்று போதும் என்று மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள்.

"வயித்த வலிக்குதுன்னு சொல்லி நடுவுல நிறுத்தச் சொன்னா இறக்கி விட்டுட்டுப் போயிடுவேன்" என்றாள் ஓட்டிக்கொண்டிருந்த நொலீன்.

"ஒரு பொருளைச் சும்மா தூக்கிப் போட எனக்கு மனசு வராது நொல்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்து அரை மணி நேரம் கழித்து அவளுக்கே பற்றிக்கொண்டு வந்தது.

சாமான் ஏற்றிப் போகிற கம்பெனிக்காரன் சொன்ன தொகையைக் கேட்டு டாரில் மூன்று நாள் சிரித்திருந்தான். அதனால் காருக்குப் பின்னால் அவன் மச்சானிடம் இரவல் வாங்கிய ட்ரெய்லர். இருபத்திரண்டு வருடக் குடித்தனம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது. ஒரு மெத்தை, ஒரு ஃப்ரிட்ஜ், இரண்டு நாற்காலி, பாத்திரப் பெட்டிகள், துணிமணி, அவளுடைய தையல் மெஷின்.

வீட்டில் ரவிக்கை தைக்கிற மெஷின் இல்லை அது. மேஜையும் மோட்டாருமாக ஓர் ஆள் கனம். ஆறு மடிப்பு கான்வாஸை வெண்ணெய் மாதிரி துளைக்கும். படகுகளுக்கு மூடுதுணி தைப்பதுதான் நொலீனின் தொழில். டாரில் வேலை பார்த்த கார் உதிரிபாகத் தொழிற்சாலையை மூடியபின், இரண்டு வருடம் அவன் சோபாவில் கிடந்து சேனல் மாற்றியபோது, வீட்டில் சோறு வெந்தது அந்த மெஷினால். இப்போது அவர்கள் அடிலெய்டை விட்டுக் கிளம்பியதும் அதனால்தான். ஜெரால்டனில் ஒரு படகுப் பட்டறையில் திங்கட்கிழமை வேலைக்குச் சேர வேண்டும். முதலாளி ஹார்வி போனில் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"உன் மெஷினோட வந்துடு. எங்கிட்ட இருந்தது செத்துப்போச்சு, புதுசு வாங்க இப்ப வழியில்ல."

கிளம்பிய அன்று சாமான் ஏற்றியது டாரில். நொலீன் காலி செய்கிற வாடகை வீட்டில் ஓவன் அடுப்புக்குள் தலையை விட்டுப் பிசுக்குச் சுரண்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரன் வந்தால் முதலில் அடுப்பைத்தான் திறந்து பார்ப்பான். ஒரு கறை இருந்தாலும் முன்பணத்தில் கை வைப்பான். தலையை எடுக்காமலே அவள் மூன்று தரம் கேட்டாள்.

"மெஷின் ஏத்தியாச்சா?"

"முதல் வேலையா அதான் ஏத்துனேன். முன்பக்கம், அடியில. அதுக்கு மேல மெத்தை."

மூன்று தரமும் வாய் கூசாமல் அதையே சொன்னான்.

சாவடியில் ராஸ் என்ற அதிகாரி நின்றிருந்தார். வெயிலில் உரிந்த மூக்கு, அவசரமே இல்லாத நடை.

"பழம் எதுவும் இருக்கா?"

"எல்லாம் இவன் வயித்துக்குள்ள இருக்கு. வேணும்னா அதையும் சோதனை போடுங்க."

ராஸ் சிரித்தார். "ட்ரெய்லர்ல தேன், செடி, தேனீ வளர்க்கிற சாமான்?"

"ஒண்ணும் இல்ல தலைவா" என்றான் டாரில். கேள்வி முடியுமுன்பே சொல்லிவிட்டான். காது இரண்டும் சிவந்துவிட்டன. ராஸ் தன் வேலையில் எத்தனையோ காதுகளைப் பார்த்தவர். தார்ப்பாயை ஓரமாகத் தூக்கி மூக்கை உள்ளே விட்டார். முகர்ந்தார்.

"மெழுகு வாசனை. எல்லாத்தையும் இறக்குங்க."

பேய்க்காற்று. பின்னால் நாலைந்து வண்டிகள் வரிசையில் நின்று வேடிக்கை பார்த்தன. ஃப்ரிட்ஜ் இறங்கியது, நாற்காலி இறங்கியது, அவளுடைய உள்ளாடைப் பெட்டி வாயைப் பிளந்துகொண்டு இறங்கியது. யாரோ ஒரு கிழவர் மரியாதைக்கு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மெத்தையை இழுத்ததும் முன்பக்கத்தில் தடிமனாக ஒன்று தெரிந்தது. அவளுடைய நல்ல போர்வையால் சுற்றி, நாலு பக்கமும் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

ஒரு நொடி நொலீனுக்கு மனசு இளகிவிட்டது. மெஷினில் கீறல் படக்கூடாது என்று இந்த மனுஷன் இவ்வளவு பார்த்திருக்கிறானே என்று நினைத்தாள்.

ராஸ் கயிற்றை அவிழ்த்தார். உள்ளே நாலு மரப்பெட்டிகள். டாரில் பதினோரு வருடத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கிப் போட்ட பழைய தேனீப் பெட்டிகள், இன்னும் மெழுகு ஒட்டியிருந்தது. மேலே தேனீக்களுக்குப் புகை போடுகிற தகர டப்பா.

"மெஷின் எங்க?" என்றாள்.

டாரில் குனிந்து அவிழ்ந்த கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"டாரில். மெஷின் எங்க?"

"எடை கூடிப்போச்சு நொல். நம்ம கார் இழுக்காது. பழைய மெஷின்தானே, அங்க போய் ஒண்ணு வாங்கிக்கலாம்னு..."

"எங்கன்னு கேட்டேன்."

"வாசல்ல, ரோட்டோரமா வெச்சேன். 'இலவசம்'னு அட்டை எழுதி." பிறகு, அது ஏதோ ஆறுதல் போல, "குப்பையில போடல. கால் மணி நேரத்துல ஒருத்தன் வேன் கொண்டுவந்து எடுத்துட்டுப் போயிட்டான். பாவம், ரொம்ப சந்தோஷப்பட்டான்" என்றான்.

அவர்கள் தெருவில் அப்படி வைத்த சாமான் ஒரு மணி நேரம் தங்காது. இந்த இரண்டு நாற்காலியும் அப்படி வந்தவைதான். யார் எடுத்தது என்று தேடிப் போக ஒரு வழியும் இல்லை.

"பதினாறு வருஷம் உனக்கும் எனக்கும் சோறு போட்டது அது. இந்தப் பொட்டியில பதினோரு வருஷமா ஒரு ஈயாவது வந்து உக்காந்திருக்கா? தேனீ சாமான் கொண்டுபோக முடியாதுன்னு லிஸ்ட்டை எடுத்து உன் மூஞ்சிக்கு நேரா சத்தமா படிச்சேனா இல்லையா?"

"யாரு தொறந்து பாக்கப்போறாங்கன்னு நெனச்சேன்." டாரில் ஒரு பெட்டியைத் தொட்டுப் பார்த்தான். "உனக்கு அங்க வேலை இருக்கு நொல். எனக்கு என்ன இருக்கு? எனக்கும் ஏதாச்சும் ஒண்ணு வேணும்ல?"

"இத கேட்டிருக்கலாம்ல? வாயத் தொறந்து கேட்டிருந்தா ஃப்ரிட்ஜை விட்டுட்டு உனக்குன்னு வேற எதையாச்சும் ஏத்தியிருப்பேனே. அடுப்புக்குள்ள தலைய விட்டுக்கிட்டிருந்தேன்டா நான்! உனக்காகவும் சேர்த்துத்தான் சுரண்டிக்கிட்டிருந்தேன்!"

ராஸ் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"தண்ணி குடிக்கிறீங்களா?"

"வேணாம். மண்வெட்டி இருந்தா குடுங்க, இவனைப் புதைக்கணும்."

"பறிமுதல் பண்ணினது நாலு கெடக்கு. ஆனா வெளிய குடுக்க சட்டத்துல இடமில்ல" என்றார் ராஸ், முகம் மாறாமல். பிறகு டாரிலிடம் திரும்பினார். "பெட்டிய வந்த வழியே திருப்பிக் கொண்டுபோ, இல்ல இங்க விட்டுட்டுப் போ. விட்டா எரிச்சுடுவோம்."

டாரில் கையெழுத்துப் போட்டான். அவன் கண் கலங்கியிருந்தது. நொலீனுக்கு இரக்கம் வரவில்லை. வர வேண்டும் என்றும் அவள் நினைக்கவில்லை.

சாவடிக்குப் பக்கத்தில் போனுக்கு சிக்னல் கிடைத்தது. ஹார்வியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"மெஷின் இல்லாம வந்து என்ன பண்ணுவ நொலீன்? பெர்த்துல ஒருத்தன் மெஷினோட வர்றேன்னு கேட்டுக்கிட்டிருக்கான். உனக்காகத்தான் அவனை நிறுத்தி வெச்சிருந்தேன்." மூச்சு விட்டார். "மன்னிச்சுக்கோ."

போனை வைத்தாள். பின்னால் போக வீடு இல்லை, சாவியைக் கொடுத்தாகிவிட்டது. முன்னால் போக வேலை இல்லை. முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பாக ஓர் அடுப்பை மட்டும் அவள் அடிலெய்டில் விட்டு வந்திருந்தாள்.

டாரில் சாமான்களைத் திரும்ப ஏற்றினான். தேனீப் பெட்டிகள் இருந்த இடம் முன்பக்கத்தில் ஓட்டையாகக் கிடந்தது. பாத்திரப் பெட்டிகளை அங்கே தள்ளப் போனான்.

"அந்த இடத்துல எதையும் வெக்காத."

"நொல், காலியா விட்டா எல்லாம் ஆடும். ஒண்ணோட ஒண்ணு இடிக்கும்."

"வெக்காதன்னேன்."

போர்வையை மட்டும் அவள் எடுத்து உதறி, மடித்து, காரின் பின் சீட்டில் போட்டாள். காலியாக இருந்த மூலையின் மேலேயே தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். ராஸ் தடுப்பைத் தூக்கிவிட்டார். திரும்பிப் போக இடமில்லாததால் நொலீன் வண்டியை மேற்கே விட்டாள்.

முதல் வளைவிலேயே ஃப்ரிட்ஜ் நகர்ந்து மோதியது. அடுத்த மேட்டில் பாத்திரங்கள் கடகடத்தன. பிறகு நிற்கவே இல்லை. கடகட, கடகட, டம். ஜெரால்டனுக்கு இன்னும் ஆயிரத்தெண்ணூறு கிலோமீட்டர் இருந்தது. டாரில் கொஞ்ச தூரம் பல்லைக் கடித்துப் பொறுத்தான். பிறகு சத்தம் கேட்காமலிருக்க ரேடியோவுக்குக் கையை நீட்டினான். நொலீன் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"எல்லாம் ஒடஞ்சிடும் நொல். ஓரமா நிறுத்து, சரியா அடுக்கிடறேன்."

"அங்க என் மெஷின் உக்காந்திருக்கு" என்றாள் நொலீன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "முதல் வேலையா ஏத்துனேன்னு மூணு தரம் சொன்னியே. அதான் ஓடுது. ஊர் போற வரைக்கும் கேட்டுக்கிட்டே வா."