கோபித்துக்கொண்டு போன ஏரி

1984ஆம் ஆண்டு ஐப்பசியில் ஆவடிக்குப் பக்கத்திலிருந்த அல்லித்தாங்கல் ஏரி எழுந்து, ஊரைத் தாண்டி, ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. தாண்டும்போது ஒரு கூரைகூட நனையவில்லை. அந்த வாரம் கத்திரிக்காய் மட்டும் கொஞ்சம் விலை ஏறியது.

அதுவரை ஏரிதான் எல்லை. கிழக்கே தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ், மேற்கே தலைமுறைகளாகப் பயிர்செய்த ஊர். எல்லை போன இடம்வரை எங்களுடையது என்றது குவார்ட்டர்ஸ். அப்படியானால் ஊரே அவர்களுடையதாகிவிடும். காய்ந்த ஏரி முழுக்க எங்கள் பாசனநிலம் என்றது ஊர். பன்னிரண்டு ஆண்டுகள் கல் பறந்தது, பால் நின்றது, பேசிவைத்த கல்யாணங்கள் முறிந்தன. குவார்ட்டர்ஸுக்கு மைதானம் வேண்டும், ஊருக்கு நெல் வேண்டும். கரையில் தனியாக வலை வீசிப் பிழைத்த வேம்புலியம்மாளின் குடிசை, யார் ஜெயித்தாலும் போய்விடும்.

குவார்ட்டர்ஸ் லோகநாதன் பகலில் ஃபிட்டர், மாலையில் சட்டக் கல்லூரி மாணவன். தன்மேல் நம்பிக்கை இல்லாததால் எதையும் இரண்டுமுறை படிப்பவன். சர்வதேசச் சட்டத்தில் அவனுக்கு ஒரு விதி கிடைத்தது: இரு நாட்டுக்கு எல்லையான ஆறு மெல்ல நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும், திடீரென்று தாவினால் எல்லை பழைய இடத்திலேயே நிற்கும். அந்தச் சட்டத்துக்கு இங்கே மாமன் மச்சான் யாருமில்லை என்பதால் இரு பக்கமும் ஒப்புக்கொண்டன. ராத்திரியில் ஏரி போனதைக் கண்ணால் பார்த்தவள் வேம்புலியம்மாள் ஒருத்திதான் என்பதால் அவளை நடுவில் வைத்து இரு பக்கமும் கூடின.

"இன்னாமே, ஏரி ஊந்துகினு போச்சா, தாவிகினு போச்சா?" என்று கேட்டார் ஊர்ப் பெரியதனக்காரர் தசரதன்.

"ரெண்டும் இல்ல நைனா. கோச்சிகினு போச்சி. ரெண்டு பக்கமும் குப்பையக் கொட்னா அது இன்னா பண்ணும்?"

"ஏரிக்கு மாமியார் கொடுமையாம்பா!" என்று குவார்ட்டர்ஸ் பக்கமிருந்து ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள்.

லோகநாதன் சிரிக்கவில்லை. வேம்புலியம்மாள் சொன்ன 'கோபித்துக்கொண்டு' என்ற சொல் புத்தகத்தில் இல்லை. சொல்லலாமா கூடாதா என்று தவித்துவிட்டுச் சொன்னான்: கோபித்துக்கொண்டு போனவள் வீட்டை விட்டுக்கொடுத்தவள் ஆகமாட்டாள். அவள் திரும்பும்வரை அவள் இடத்தைப் பங்குபோட யாருக்கும் உரிமையில்லை. ஐரோப்பாவில் இரண்டு நாடுகள் ஒரு தீவை ஆறாறு மாதம் முறைவைத்து ஆள்கின்றன. அதுபோல இருவரும் சேர்ந்து காவல் இருக்கலாம், ஒருவர் சம்மதமில்லாமல் மற்றவர் ஒரு கல்லையும் எடுக்கக்கூடாது.

தசரதனின் மகளே அப்போது கோபித்துக்கொண்டு பிறந்தகம் வந்திருந்தாள். அவளுடைய பீரோவைப் புகுந்த வீட்டில் யாரும் நகர்த்தவில்லை.

"அப்ப நாமதான போய் இட்டாரணும்" என்றார் தசரதன்.

இரு பக்கத்தாரும் ஒரே தட்டில் வெற்றிலை பாக்கு, மல்லிகைப்பூவோடு போய் அழைத்தார்கள். ஏரி பின்னாலேயே நடந்து வந்தது. கேட் மூடியிருந்ததால் நின்று, திருவள்ளூர் ரயில் போனபிறகு வந்து, குடிசை வாசலுக்குக் கீழே பழைய இடத்தில் படுத்தது.

மறுநாளே வேம்புலியம்மாள் மீன் விற்றாள். "இது எந்தப் பக்கத்து மீனு?" என்று கேட்டவர்களிடம், "தண்ணிப் பக்கத்து மீனு, வாங்கிக்க" என்றாள். வாங்கிக்கொண்டார்கள்.