அவள் பாதியில் விழுந்த யூரியா

1

இந்தக் கதை எனக்கு ஓர் உரக்கடையில் கிடைத்தது. ரோஜாத் தொட்டிக்கு உரம் வாங்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண், "யூரியா பாதி மூட்டை போதும்" என்றாள். அவள் கணவன் கடைக்காரருக்குக் கண்ணைக் காட்டி, "முழுசாவே போடுங்கண்ணே" என்றான். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். நான் கண்டது அவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

'மக்காச்சோள வயலில் காற்று, காதலைப் போல...'

(வேண்டாம். காற்றிலுள்ள தழைச்சத்தை, அதாவது யூரியா தரும் அதே நைட்ரஜனைப் பற்றியே சொல்கிறேன். பயிரைச் சுற்றி அது கொட்டிக் கிடக்கிறது. பயிரால்தான் எடுத்துக்கொள்ள முடியாது. வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்கள் அதைப் பிடித்து ஊட்டிவிடுகின்றன. என்னைப் போன்ற குடும்பக்கதைக்காரிக்கு வேறென்ன வேண்டும்?)

சரி, இப்படித் தொடங்குகிறேன். அவளுக்கு நுண்ணுயிர் உரம் தயாரிக்கும் கூடத்தில் வேலை. அவன் விவசாயி. வயலை இரண்டாகப் பிரித்தார்கள். அவன் பாதிக்கு வழக்கம்போல் முழு யூரியா. அவள் பாதியில் பாக்டீரியா கலந்த விதை, அரைப்பங்கு யூரியா; அதையும் வேரடியில் இட்டு மண்ணால் மூடினாள். அறுவடைக்கு முன் விவசாயிகள் சங்கத்தார் பார்க்க வருவார்கள். பாதி யூரியா போதும் என்ற அவள் பேச்சை அவர்கள் நம்புவதும் நம்பாததும் அன்று தெரிந்துவிடும்.

3

கூடத்தில் வேலை நெருக்கியதால் அவள் வெகுநாள் வயல் பக்கம் போகவில்லை. சங்கத்தார் வருவதற்கு முந்தின நாள் அவனோடு போனாள். அவள் பாதி கரும்பச்சையாக நின்றது. பூரித்துப்போய் ஓர் இலையைத் தடவினாள். பழைய கருகல் திட்டுகள். குருத்தாக இருந்தபோது உள்ளே விழுந்த யூரியா சுட்ட தடம்.

"என் பக்கம் உரம் வீசினது யாரு?"

"வீசலம்மா... லேசா தூவினேன்."

"எதுக்கு?"

"வெளுத்துப்போய் நின்னுச்சு. நாலு பேர் வந்து உன்னைப் பார்த்துச் சிரிச்சா?"

"சிரிச்சா பதில் சொல்லியிருப்பேன். இப்போ இது உங்க யூரியாவா, என் பாக்டீரியாவான்னு கேட்டா என்ன சொல்றது? யூரியா தாராளமா கிடைச்சா அதுங்க வேலையே செய்யாது. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி காலை நீட்டிக்கும்."

"என்னையா சொல்றே?"

"பாக்டீரியாவைச் சொன்னேன்."

(இங்கே அவனைப் பொறாமைக்காரனாக்கிப் பார்த்தேன். பேனா மறுத்தது. கடையில் அந்தக் கணவன் முகத்தில் நான் பார்த்தது பயம்தான்.)

4

முடிவு ஒன்று: அவள் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். அன்றிரவு அவளுக்குச் சாப்பாடு... (அடித்துவிட்டேன். இவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

முடிவு இரண்டு: சங்கத்தார் பச்சையைப் பார்த்து, "பிரமாதம்!" என்கிறார்கள். அவள் பேச வாயெடுக்குமுன் அவன் முந்திக்கொள்கிறான்.

"அண்ணே, இந்தப் பச்சை நான் பண்ண வேலை. அவளுக்குத் தெரியாம யூரியா போட்டுட்டேன். அந்த ஓரத்து வரிசை வரைக்கும் வர்றதுக்குள்ள தீர்ந்துபோச்சு. அது ஒண்ணுதான் அவளோடது."

ஓர வரிசை கொஞ்சம் வெளிறித்தான் நிற்கிறது. அவன் அதிலிருந்து ஒரு கதிரை ஒடித்து அவளிடம் கொடுக்கிறான். எல்லோரும் கிட்டே வருகிறார்கள். அவள் அதைக் கையில் வைத்து எடை பார்க்கிறாள். பிறகு அவனிடமே நீட்டுகிறாள்.

"நீங்களே உரிங்க."

இதற்குமேல் நான் எழுதப்போவதில்லை. அவன் நகம் தோலின் நுனியில் இருக்கிறது. மணி பிடித்திருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. ஆனால் முன்பு அவள் முகம் பார்க்காமல் யூரியா தூவியவன், இப்போது அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். உரிப்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.